நொடிக்குப் பின்னே ஒரு புள்ளி

கேள்வி: அலுவலகத்தில் எல்லோரும் பயன்படுத்தும் ஒரு டெர்மினல் கருவியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அது நேரத்தை நொடி வரைதான் காட்டும். இப்போது மில்லிசெகண்டும் வேண்டும் என்கிறார்கள். அப்படியே சேர்த்துவிடட்டுமா? மூன்று இலக்கம் கூடினால் யாருக்கு என்ன நஷ்டம்?
– வாசகி, கோவை

பதில்: சேர்த்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். லினக்ஸின் அன்றாடக் கட்டளைகள் அடங்கிய தொகுப்பு குனு கோர்யூட்டில்ஸ். 2010 அக்டோபரில் வந்த அதன் 8.6 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பின் விவரம் சொல்லும் ஸ்டாட் கட்டளையில் %ஒய் (பெரிய எழுத்து Y) என்று கேட்டால், கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை 1970-லிருந்து எண்ணி, முழு நொடியாகச் சொல்லும். அந்தப் பதிப்பில் புள்ளி வைத்து நானோசெகண்டையும் ஒட்டிவிட்டார்கள். மனிதர் படிக்கிற வடிவத்தில் பின்னம் ஏற்கெனவே வந்துகொண்டிருந்ததால், இதிலும் வரட்டுமே என்பது அவர்கள் நியாயம். ஆனால் இரண்டு கோப்பில் எது புதுசு என்று, டெர்மினல் கட்டளைகளை இயக்கும் பாஷில் ஸ்கிரிப்ட் எழுதி ஒப்பிடுகிறவர் கதி? பாஷுக்குப் பின்னம் தெரியாது. ‘இன்டிஜர் எக்ஸ்பிரஷன் எக்ஸ்பெக்டட்’, அதாவது முழு எண்தான் வேண்டும் என்று கையை விரித்துவிடும். அடுத்த மாதமே 8.7-இல் %ஒய் பழையபடி முழு எண்ணுக்குத் திரும்பியது. பின்னம் வேண்டுமென்றால் %.ஒய், மூன்று இலக்கம் போதுமென்றால் %.3ஒய் என்று வழி விட்டார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். கேட்டவருக்கு மட்டும் கொடுங்கள். கேட்காதவர் பார்க்கிற வரியில் ஒரு எழுத்துகூட மாற வேண்டாம். அப்படிக் கேட்பதற்காகக் கட்டளையோடு சேர்த்து எழுதும் ஆப்ஷனுக்கு ‘மில்லி’ என்றும் பெயர் வைக்காதீர்கள், நாளைக்கே ஒருவர் மைக்ரோசெகண்ட் கேட்பார். எத்தனை இலக்கம் என்பதை மதிப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று என்று கேட்டால் எப்போதும் மூன்று: .5 அல்ல, .500.

அப்புறம், மிச்ச இலக்கங்களை வெட்டுங்கள், முழுமையாக்காதீர்கள் (ரவுண்ட் செய்யாதீர்கள்). நான் ஒரு தடவை முழுமையாக்கினேன். 10:59:59.9997 என்பது 10:59:60.000 என்று அச்சாகி, அதைப் படித்த அடுத்த நிரல் அப்படியொரு நேரமே இல்லை என்று நின்றுவிட்டது. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போயிற்று.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. குனுவின் கெட்ஆப்ட்-லாங் என்ற ஆயத்த நிரல்துண்டு மூலம் ஆப்ஷன்களைப் படிக்கிறீர்களா? அது நீளமான பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் தந்தாலும் ஏற்றுக்கொள்ளும். உங்களிடம் ‘டைம்ஜோன்’ இருந்தால், யாரோ ஒருவர் ஸ்கிரிப்டில் ‘டைம்’ என்று மட்டும் எழுதி வைத்திருப்பார். நீங்கள் ‘டைம்-பிரிசிஷன்’ சேர்த்த அன்றைக்கு, எந்த டைம் என்று தெரியாமல் அது பிழை காட்டும். வெறும் ‘பிரிசிஷன்’ என்று வைத்தால் இந்த வம்பு இல்லை, அதே எழுத்துகளில் தொடங்கும் ஆப்ஷன் உங்களிடம் இல்லாதவரை.