டிடபிள்யூஆர்பி-யில் (TWRP, ஆண்ட்ராய்டு போனில் பேக்கப், ரீஸ்டோர் செய்ய உதவும் ரெக்கவரி மென்பொருள்) உள் சேமிப்பகம் 0 எம்பி என்று காட்டுகிறது. என்கிரிப்ட் ஆன (டேட்டா குறியீடாகப் பூட்டப்பட்ட) போனை எப்படி பேக்கப் எடுப்பது?

பயப்பட வேண்டாம், டேட்டா அழியவில்லை. பூட்டு திறக்கவில்லை, அவ்வளவுதான். டிடபிள்யூஆர்பி தொடங்கும்போது பாஸ்வேர்டு கேட்கும். திரைப்பூட்டுக்கு வைத்திருக்கும் அதே பின் எண்ணைக் கொடுங்கள். கேட்கவே இல்லை, அல்லது சரியான எண்ணையும் ஏற்கவில்லை என்றால், அந்தப் பதிப்பால் உங்கள் ஆண்ட்ராய்டின் என்கிரிப்ஷனைத் திறக்க முடியவில்லை என்று பொருள். உங்கள் மாடலுக்கு வேறு புதிய பதிப்பு இருக்கிறதா பாருங்கள். போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும் 'ஃபார்மேட் டேட்டா'வை மட்டும் தொட்டுவிடாதீர்கள். பல வீடியோக்களில் எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள்!

திறந்துவிட்டதா? சரி, பூட் (போனைத் தொடங்கும் பகுதி), டேட்டா (ஆப்கள், அமைப்புகள் உள்ள பகுதி) இரண்டையும் டிக் செய்து பேக்கப் எடுங்கள். ஆனால் இந்த டேட்டா பேக்கப்பில் உள் சேமிப்பகம் சேராது. கேமரா படங்கள், டவுன்லோடுகள் எல்லாவற்றையும் கேபிள் போட்டுக் கணினிக்குத் தனியாக நகலெடுக்க வேண்டும். பேக்கப் கோப்பையும் அங்கேயே வையுங்கள். போனுக்குள் கிடந்தால் ஃபார்மேட்டோடு அதுவும் போகும். அப்புறம், அந்தக் கோப்பு என்கிரிப்ட் ஆகாமல்தான் இருக்கும். வேண்டுமானால் பேக்கப் எடுக்கும்போதே அதற்குத் தனி பாஸ்வேர்டு வைக்கலாம்.

பேக்கப்புக்கு முன் திரைப்பூட்டை நீக்கிவிடுவது என் பழக்கம். ரீஸ்டோர் செய்தபின் சரியான பின் எண்ணையே போன் மறுக்கும் தொல்லை பெரும்பாலும் வராது.

பூட்லோடர் (போனைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) இன்னும் திறக்காத போனுக்கு இந்த வழி உதவாது. திறக்கும்போதே எல்லாம் அழிந்துவிடும்.