உளவு நிறுவனங்கள் நம் கருவிகளுக்குள் புகுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: வாட்ஸ்அப் செய்திகள் மறையாக்கம் (வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்பட்டவைதானே, பிறகு எப்படி உளவு பார்க்கிறார்கள் சார்?

பதில்: மறையாக்கத்தை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. போனுக்குள் புகுந்துவிட்டால் நீங்கள் படிப்பதையெல்லாம் அவர்களும் படிக்கலாம். இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் அரசுகளுக்கு விற்கும் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் செய்வது இதைத்தான். 2019-இல் வாட்ஸ்அப் அழைப்பு வழியாகவே சுமார் 1,400 பேரைக் குறிவைத்தார்கள். அழைப்பை எடுக்காவிட்டாலும் அந்த ஒட்டுநிரல் (உளவு மென்பொருள்) உள்ளே போய்விடும்.

கேள்வி: டிவியும் ஒட்டுக்கேட்குமாமே?

பதில்: அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ அப்படி ஒரு நிரல் வைத்திருந்தது, ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் வழியாக 2017-இல் வெளியே வந்தது. சில சாம்சங் டிவிகள் அணைந்ததுபோல் தெரியும், மைக் மட்டும் வேலை செய்யும். அதற்காக எல்லார் வீட்டு டிவியையும் சந்தேகிக்க வேண்டாம்.

கேள்வி: நீதிமன்ற அனுமதி பெற்ற போலீசுக்கு மட்டும் பின்கதவு (உள்ளே புக ஒரு ரகசிய வழி) வைத்தால் என்ன தவறு?

பதில்: கிரீஸின் தலைநகர் ஏதென்ஸில் நடந்ததைப் பாருங்கள். வோடபோன் கிரீஸ் என்ற செல்போன் நிறுவனத்தின் எரிக்சன் தொலைபேசி இணைப்பகங்களில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கான மென்பொருள் இருந்தது. 2004-இல் யாரோ உள்ளே புகுந்து அதையே ரகசியமாக இயக்கிவிட்டார்கள். கிரீஸின் அப்போதைய பிரதமர் காரமன்லிஸ் உட்பட சுமார் நூறு பேரின் பேச்சு, ப்ரீபெய்டு எண்களுக்கு நகலாகப் போய்க்கொண்டிருந்தது. சில எஸ்எம்எஸ்கள் போய்ச் சேரவில்லை என்று புகார் வந்து, அதைத் தோண்டியபோதுதான் 2005-இல் குட்டு வெளிப்பட்டது. நாட்டின் பிரதமரையே காக்க முடியாத ஏற்பாட்டை நம் பாதுகாப்புக்கு என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். கதவு என்று ஒன்று இருந்தால் திருடனும் அதைத் தேடி வருவான்.

கேள்வி: மென்பொருளில் ஓட்டை இருப்பது உளவு நிறுவனங்களுக்குத் தெரிந்தால் அதைச் செய்த கம்பெனிக்குச் சொல்ல மாட்டார்களா?

பதில்: பல நேரம் சொல்வதில்லை. விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டையை அமெரிக்காவின் இன்னொரு உளவு நிறுவனமான என்எஸ்ஏ ஆண்டுக்கணக்கில் தனக்கென்று வைத்திருந்தது. அதற்கான எடர்னல்புளூ என்ற கருவி 2017 ஏப்ரலில் கசிந்தது. மே மாதமே, கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற நிரல் அதைப் பிடித்துக்கொண்டு உலகமெங்கும் பரவியது. பிரிட்டனில் மருத்துவமனைக் கணினிகள் முடங்கி அறுவை சிகிச்சைகள்கூட ரத்தாயின. அந்த நோயாளிகள் என்ன குற்றம் செய்தார்கள்?

கேள்வி: சாதாரண ஆள் நான், என்ன செய்யலாம்?

பதில்: அப்டேட் வந்தால் அன்றே போடுங்கள். வான்னாக்ரைக்கு இரண்டு மாதம் முன்பே மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டிருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். வாரம் ஒருமுறை போனை அணைத்து மறுபடி இயக்குங்கள், சில ஒட்டுநிரல்கள் அதோடு போய்விடும். பத்திரிகையாளராகவோ செயற்பாட்டாளராகவோ இருந்தால் ஐபோனில் லாக்டவுன் மோடையும் (சில வசதிகளை முடக்கிக் கூடுதல் பாதுகாப்பு தரும் அமைப்பு) போட்டுவிடுங்கள்.