மதம் மாறும் எண்ணம் இல்லை, ஆனால் பைபிளைக் கேள்விகளோடு வாசித்துப் பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? கேள்வி கேட்டால் கிறிஸ்தவர்கள் கோபித்துக்கொள்வார்களா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொள்வார்கள். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வளர்ந்த கத்தோலிக்கன், இப்போது வேலை காரணமாகப் புதுச்சேரி நெல்லித்தோப்பில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒழுங்காகப் போகிற என்னையே "உனக்குப் படிப்பு ரொம்ப ஏறிப்போச்சு" என்று சொன்னவர்கள் உண்டு. நீங்கள் வெளியாள், உங்களிடம் இன்னும் கொஞ்சம் மரியாதையாகச் சொல்வார்கள். அதற்காகத் தயங்க வேண்டாம். சோதோம் நகரத்தைக் காப்பாற்ற ஆபிரகாம் ஐம்பது பேரில் ஆரம்பித்துப் பத்துப் பேர் வரைக்கும் கடவுளிடம் பேரம் பேசுகிறார். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் பெயர்கூடச் சொல்லப்படாத ஒரு வேற்றினத்துப் பெண் இயேசுவுக்கே எதிர்ப்பேச்சுப் பேசி, கேட்டதை வாங்கிக்கொண்டு போகிறாள். இப்படிப்பட்ட ஆட்கள் நிறைந்த புத்தகத்தை வாயை மூடிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள் என்று தெரியவில்லை.

மாற்கிலிருந்து தொடங்குங்கள். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு நற்செய்திகளில் அதுதான் சின்னது, 16 அதிகாரம். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். ஆதியாகமத்தைப் பிடித்து வரிசையாகப் போகிறேன் என்று கிளம்பியவர்கள் பெரும்பாலும் மூன்றாவது நூலான லேவியராகமத்தின் சட்டங்களில் படுத்துவிடுவார்கள். மாற்கின் கடைசிப் பக்கத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகள் இரண்டிலும் இந்த நற்செய்தி 16:8ஓடு (16ஆம் அதிகாரம், 8ஆம் வசனம்) நின்றுவிடுகிறது. கல்லறை காலி, வந்த பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு வரும் வசனங்கள் பின்னால் சேர்க்கப்பட்டவை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு, கத்தோலிக்க அறிஞர்கள் உட்பட. குருமடத்தில் படித்த சாமியார்களுக்கெல்லாம் இது தெரியும். பிரசங்கத்தில் நான் கேட்டதில்லை.

அடுத்து, பழைய ஏற்பாட்டில் இருக்கும் யோபு நூல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேள்வியோடு வாசிப்பது என்று நான் எதைச் சொல்கிறேனோ அது முழுக்க இங்கே இருக்கிறது.

கடலூர் முதுநகரில் எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டேஷனரிக் கடையில், கல்லாவுக்கு மேலே ஒரு வசன அட்டை மாட்டியிருக்கும். ரோஜாப்பூப் படம், ஓரத்தில் ஜிகினா. "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆட்டோவின் பின்னால், புதுவீட்டுப் பத்திரிகையில், ஜனவரி ஒண்ணாம் தேதி கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் என்று எங்கும் இருக்கும். இது யோபு 8:7. பேசுவது கடவுள் இல்லை. பில்தாத் என்ற நண்பர், ஆறுதல் சொல்ல வந்தவர்.

யாரிடம் பேசுகிறார்? பாலைவனத்திலிருந்து பெருங்காற்று அடித்து வீடு இடிந்து, பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த மனிதரிடம். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காற்றை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்டவரிடம், இந்த வசனத்துக்கு மூன்று வரி முன்னால், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்குத்தான் அனுபவித்தார்கள் என்கிற தோரணையில் பேசுகிறார் பில்தாத். கடைசி அதிகாரத்தில் கடவுள் இந்த நண்பர்கள்மேல் கோபப்படுகிறார். என் ஊழியன் யோபு பேசியதைப்போல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார் (42:7). பிறந்த நாளையே சபித்து, கடவுளைக் கோர்ட்டுக்கு இழுக்காத குறையாகக் கத்தியவர் யோபு. அவர் பேசியது சரி, கடவுளுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் பேசியது தப்பு.

வேடிக்கை என்னவென்றால், நாம் சுவரில் மாட்டியிருப்பது திட்டு வாங்கிய கட்சியின் பேச்சை. கடைக்காரரிடம் நான் இதைச் சொன்னதில்லை. வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது.

ஆகவே ஒரு வசனத்தை யாராவது உங்களிடம் நீட்டினால் யார் பேசுகிறார், யாரிடம், அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மீதி தீராது. 38ஆம் அதிகாரத்திலிருந்து கடவுள் பேசுகிறார், பேசுகிறார், யோபு கேட்ட "ஏன்" என்பதற்கு மட்டும் பதிலே சொல்லவில்லை. மனிதரே இல்லாத நிலத்தில் மழை பெய்விப்பது யார், வரையாடு குட்டி போடும் நேரம் உனக்குத் தெரியுமா என்று திருப்பிக் கேட்கிறார். எனக்கு இது சில நாள் பிரமாதமாகத் தோன்றும், சில நாள் மழுப்பலாகத் தோன்றும்.

கடலூர்க்காரனுக்கு இது புத்தகச் சமாசாரம் இல்லை. சுனாமி வந்த 26.12.2004 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அடுத்த சில மாதங்களில் எல்லா மதத்துக்காரர்களும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதிகம் சொல்லப்பட்டது, வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, மாதா காப்பாற்றினாள் என்பது. நல்லது. மாதாவைப் பார்க்க வந்து கடற்கரையில் நின்றிருந்த யாத்ரீகர்கள்?

லூக்கா 13இல் இதே பேச்சு வருகிறது. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரை ரோம ஆளுநர் பிலாத்து வெட்டிக் கொன்ற செய்தியைச் சிலர் இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவரே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறார், சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தது. எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்கிறார். ஆனால் அதே மூச்சில், நீங்கள் மனம் மாறாவிட்டால் நீங்களும் அப்படியே அழிவீர்கள் என்றும் சொல்கிறார். முதல் பாதி எனக்குப் பிடிக்கும், இரண்டாம் பாதி இன்னும் தொண்டையில் நிற்கிறது. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டால் ஜிகினா அட்டைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

தவக்காலத்தில் எங்கள் தெரு அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபித்து வாசிக்கும் சின்னக் குழு) இந்தப் பகுதி வந்தது. மின்துறையில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், பேசவே பேசாதவர், "சரி தம்பி, அவங்க பாவம் இல்லன்னா அப்புறம் யாரு பொறுப்பு?" என்றார். சிஸ்டர் பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, "எனக்குத் தெரியலைங்கய்யா" என்றார். நான் கேட்ட வேத விளக்கங்களிலேயே நேர்மையானது அதுதான். பிறகு சுண்டல் கொடுத்தார்கள்.

புத்தகத்தைக் கேட்கிற கேள்வியைச் சபையையும் கேளுங்கள். புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கும் சம்பா கோயிலுக்கு (கத்தோலிக்கப் பேராலயம்) போனால் 1791இல் கட்டி முடித்த கட்டடத்தைப் பார்க்கலாம். அதற்கு முந்தைய கோயிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து உட்கார வைக்க ஒரு சுவர் இருந்தது, அவர்கள் முறையிட்ட பிறகு இடிக்கப்பட்டது என்று பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை 1745இல் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மூன்று வருஷம் கழித்து, பக்கத்திலிருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதும் அதே நாட்குறிப்பில் உண்டு. யூதர் என்றும் கிரேக்கர் என்றும் இல்லை, அடிமை என்றும் உரிமைக் குடிமகன் என்றும் இல்லை என்று இயேசுவின் திருத்தூதர் பவுல் கலாத்தியருக்குக் கடிதம் எழுதியதை வாசித்தவர்கள்தான் அந்தச் சுவரைக் கட்டினார்கள். பல ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்றும் தனித்தனி. இதையெல்லாம் பேசினால் கோயிலின் மானம் போய்விடும் என்பார்கள். சுவர் கட்டிய அன்றே போய்விட்டது.

புத்தகம் வாங்கும்போது ஒரு விஷயம். கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் 73 நூல்கள், சீர்திருத்த சபைகளின் பரிசுத்த வேதாகமத்தில் 66. முடிந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். திருவிவிலியத்தின் தமிழ் புதியவருக்குச் சுலபம், அடிக்குறிப்பும் உண்டு. பரிசுத்த வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும் ஓசை வேறு எதிலும் வராது. மதம் மாறச் சொல்வார்களா என்ற பயம் இருந்தால், எந்தக் கூட்டத்துக்கும் போகாமல் வீட்டிலேயே மாற்கு, யோபு, பிறகு சங்கீதங்களில் 88 என்று வாசிக்கலாம். அந்தச் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, சமாதானம் சொல்லாமல். கடைசி நூலான வெளிப்படுத்தல் பக்கம் மட்டும் இப்போதைக்குப் போகாதீர்கள். அதை வைத்து உலகம் முடியும் தேதி சொல்கிறவர் யாராவது வாட்ஸப்பில் வந்தால், சத்தமில்லாமல் பிளாக் செய்துவிடுங்கள்.