அடைக்கலாங்குருவியும் செல்போன் டவரும்

அன்புள்ள ஐயா,

சிறுவயதில் எங்கள் வீட்டு முற்றம் நிறையச் சிட்டுக்குருவிகள். இப்போது ஒன்றுகூட இல்லை. தெருமுனை செல்போன் டவர்தான் காரணம் என்கிறார்கள். லண்டனிலும் குறைந்துவிட்டதாமே? குரங்குத் தொல்லை தாங்காமல் முற்றத்தை ஃபைபர் ஷீட் போட்டு மூடியிருக்கிறோம். கூடுப்பெட்டி வாங்கி வைத்தால் குருவி வருமா?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

மார்ச் 20, சிட்டுக்குருவி தினத்தன்று வந்து குவிந்த வாட்ஸப் செய்திகளைப் பார்த்ததிலிருந்து எனக்கும் குருவி நினைப்புதான். எல்லாவற்றிலும் டவர்தான் குற்றவாளி. இங்கிலாந்தில் குருவிகள் குறையத் தொடங்கியது 1970களின் கடைசியில். அங்கே செல்போன் வந்ததே 1985இல்.

பறவை ஒன்றுதான், ஊருக்கு ஊர் அதன் கஷ்டம் வேறு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் ஆராய்ந்தபோது குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியில் செத்தது தெரிந்தது. பெரிய குருவி தானியம் தின்று பிழைத்துக்கொள்ளும், குஞ்சுக்குப் பூச்சி வேண்டும். அது அங்கே போதவில்லை. லண்டனில் பறவை மலேரியா மீது சந்தேகம். நம் நாட்டில் மொத்தமாகப் பார்த்தால் பெரிய சரிவு இல்லை, சென்னை, பெங்களூர் போன்ற பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்கிறது 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை. லண்டன் நோயைத் தேவகோட்டைக்கு ஏன் இழுத்து வருகிறீர்கள்?

எங்கள் ஆயா வீடு கண்டனூரில். அவித்த நெல்லை முற்றத்தில் காயப்போட்டால், அடைக்கலாங்குருவி என்று நாங்கள் சொல்லும் சிட்டுக்குருவிகள் வந்து இறங்கிவிடும். உத்திரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே கூடு. முகப்பில் இருந்த பெல்ஜியம் கண்ணாடியில் தன் நிழலையே கொத்திக்கொண்டிருக்கும். அலகு நோகுமே என்று ஆயா பழைய சேலையைப் போட்டுக் கண்ணாடியை மூடி வைத்திருந்தார். அய்யா பட்டாலைக் கூடத்தில் ஃபேன் மாட்டிய கோடையில் தாய்க்குருவி ஒன்று அடிபட்டு விழுந்தது. அப்புறம் கூட்டில் குஞ்சு இருக்கும்வரை ஸ்விட்ச் பக்கம் யாரும் போகக்கூடாது. சித்திரை வெயிலில் வேர்த்து வழியப் படுத்துக் கிடப்போம். “அடைக்கலம்னு பேரு வச்சுட்டு அடிச்சுக் கொல்றதா?” என்பார் ஆயா.

அந்த வீட்டில் பூச்சிக்குப் பஞ்சமில்லை, தானியத்துக்கும் இல்லை. அங்கே குருவிக்கு எமன் அந்த ஃபேன். அதை ஆயா தன் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தார், யாரும் செய்தி அனுப்பவில்லை.

நீங்களோ முற்றத்தை மூடிவிட்டு டவரைத் திட்டுகிறீர்கள். எந்த வழியாக வரும் குருவி? குரங்கின் தொல்லை எனக்கும் தெரியும். அதற்குக் குருவி நுழையும் அளவு இடைவெளி விட்ட கம்பி வலை போதுமே. மூடுவதற்கு முன்னால் கடைசியாக எப்போது கூட்டைப் பார்த்தீர்கள்? கடிதத்தில் அதைக் காணோம்.

கூடுப்பெட்டி வேண்டுமானால் வையுங்கள். முதலில் அந்த ஷீட்டைக் கழற்றுங்கள்.