ஜாவா, பைத்தான் போட்ட பென்ட்ரைவ் 1,850 ரூபாயாம், வாங்கலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம். நான் பிசிஏ ரெண்டாம் வருஷம். வீட்ல லேப்டாப் கிடையாது, காலேஜ் லேப்ல தான் ப்ரோகிராம் போட்டுப் பாக்கணும், அங்க எத இன்ஸ்டால் பண்ணப் போனாலும் அட்மின் பாஸ்வேர்ட் கேக்குது. எங்க ஊர் கடையில 64 ஜிபி பென்ட்ரைவ்ல ஜாவா, பைத்தான் ரெண்டும் போட்டு "எந்த சிஸ்டம்ல குத்தினாலும் ஓடும்"னு சொல்லி 1,850 ரூபாய் கேக்குறாங்க. அதே பென்ட்ரைவ் காலியா வாங்கினா 600 தான். அப்பாகிட்ட கேக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டுக்கலாம்னு எழுதுறேன்.

பதில்: வேணாம் தம்பி, அப்பாகிட்ட 600 மட்டும் வாங்குங்க. மிச்சம் 1,250 ரூபாய்க்கு அந்தக் கடைக்காரர் செய்யிற வேலை நெட்ல சும்மா கிடைக்கிற ரெண்டு ஃபைல டவுன்லோட் பண்ணி உள்ள போடுறது, அவ்வளவுதான், அத நீங்களே ஒரு மத்தியானத்துல செஞ்சுக்கலாம்.

ரன்டைம்னா உங்க ப்ரோகிராம ஓட வைக்கிற எஞ்சின். அத விண்டோஸ்ல இன்ஸ்டால் பண்ணித்தான் ஆகணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. ஜாவாவுக்கு அடாப்டியம்னு ஒரு தளம் இருக்கு, அங்க டெமூரின்ங்கற பேர்ல ஓப்பன்ஜேடிகே இலவசமா குடுக்குறாங்க, ஜேடிகேன்னா ஜாவா ப்ரோகிராம் எழுதவும் ஓட்டவும் வேண்டிய முழு தொகுப்பு. அதுல இன்ஸ்டாலர விட்டுட்டு ஜிப் ஃபைல எடுங்க, பென்ட்ரைவ்ல விரிச்சு வச்சா அங்கேருந்தே ஓடும், அட்மின் பாஸ்வேர்ட் கேக்காது. முழு ஜேடிகே விரிச்சா 300 எம்பி பக்கம் வரும், 64 ஜிபில அது ஒரு மூலைக்குக் காணாது. ஓட வைக்க மட்டும் ஆகுற ஜேஆர்இ-ன்னா இன்னும் கம்மி, ஆனா அதுல கம்பைல் பண்ண முடியாது, அதாவது நீங்க எழுதினத ஓடுற வடிவத்துக்கு மாத்த முடியாது, ப்ரோகிராம் எழுதுறவங்களுக்கு ஜேடிகே தான் வேணும், இத மாத்தி எடுத்துட்டு ஜாவாசி (கம்பைல் பண்ற கமாண்ட்) இல்லன்னு எரர் வருதுன்னு நிறைய பேர் தவிக்கிறாங்க.

பைத்தானுக்கு வின்பைத்தான் எடுங்க, அதுவும் இன்ஸ்டால் பண்ணாம பென்ட்ரைவ்லேருந்தே ஓடும். பைத்தானோட சொந்த தளத்துலயே எம்படபிள்னு ஒரு சின்ன ஜிப் இருக்கு, சைஸப் பாத்து ஆசைப்பட்டு அத எடுத்துடாதீங்க, அதுல கூடுதல் பேக்கேஜ் இறக்குற பிப் இல்ல, விண்டோ, பட்டன் வரையுற டிகேஇன்டர் இல்ல, ப்ரோகிராம் அடிச்சுப் பாக்குற ஐடில் இல்ல, வேற சாஃப்ட்வேருக்குள்ள பொதிச்சு அனுப்புறதுக்குன்னு செஞ்சது அது, படிக்கிற புள்ளைங்களுக்கு ஆகாது.

இப்ப முக்கியமான சிக்கலுக்கு வரேன். பென்ட்ரைவ் ஒரு சிஸ்டம்ல ஈ ட்ரைவா வரும், பக்கத்து சிஸ்டம்ல ஜி ட்ரைவா வரும். ஜாவா எங்க இருக்குன்னு சொல்ற ஜாவா ஹோம்ங்கற செட்டிங்ல ஈ-ன்னு எழுதி வச்சிருந்தீங்கன்னா அடுத்த நாள் வேற சிஸ்டம்ல உக்காந்தா ஓடாது. அதனால ஒரு பேட்ச் ஃபைல் (கமாண்ட்களை வரிசையா எழுதி வைக்கிற சின்ன ஃபைல்) எழுதி ஜாவா ஹோமையும், கமாண்ட எந்த ஃபோல்டர்ல தேடணும்னு சொல்ற பாத்தையும் அதுக்குள்ளயே செட் பண்ணிடுங்க. அந்த பேட்ச் ஃபைல், எந்த ட்ரைவ்ல எந்த ஃபோல்டர்ல இருக்கோம்னு தானே தெரிஞ்சுக்கிறதுக்கு சதவீதக் குறி, டில்டா குறி, டி, பி, பூஜ்யம் இத இடைவெளி விடாம வரிசையா அடிச்சா போதும், லெட்டர் எதுவா மாறினாலும் கவலை இல்ல. கமாண்ட் அடிக்கிற கறுப்பு விண்டோவ மூடின உடனே அந்த செட்டிங் எல்லாம் போயிடும், லேப் சிஸ்டம்ல எதையும் மாத்தினதா ஆகாது, லேப் சார் கேட்டாலும் தைரியமா சொல்லலாம். பைத்தான்லயும் இதே தொல்லை தான், வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு ப்ராஜெக்ட்டுக்குன்னு தனியா வைக்கிற பைத்தான் ஃபோல்டர்) போட்டா முழு முகவரியையும் உள்ள எழுதி வச்சுக்கும், லெட்டர் மாறினா படுத்துடும். பிப்புக்கும் இதே கதி தான், அதனால பிப்னு நேரா அடிக்காம பைத்தான் மைனஸ் எம் பிப்னு அடிச்சுப் பழகிக்குங்க.

"எந்த சிஸ்டம்லயும் ஓடும்"னு கடைக்காரர் சொல்றது உண்மை இல்ல. விண்டோஸ் 64 பிட்டுக்கு எடுத்தது 32 பிட் விண்டோஸ்ல ஓடாது, உபுண்டு போட்ட லேப்ல ஓடாது. லேப்ல இன்னும் விண்டோஸ் 7 இருந்தா பைத்தான் 3.8 வரைக்கும் தான் ஓடும், 3.9-லேருந்து அத விட்டுட்டாங்க. வெளியிலேருந்து வர எக்ஸ்இ (விண்டோஸ்ல ஓடுற ப்ரோகிராம் ஃபைல்) எதையும் ஓட விடாம சில லேப்ல பூட்டு போட்டிருப்பாங்க, அங்க 1,850 குடுத்து வாங்கின பென்ட்ரைவும் ஓடாது, நீங்களே செஞ்சதும் ஓடாது. அதனால வாங்குறதுக்கு முன்னாடி லேப் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, பென்ட்ரைவ் போர்ட் தொறந்திருக்கா, அதுலேருந்து ப்ரோகிராம் ஓடுமான்னு.

கடைக்காரர் தப்பு பண்றார்னும் நான் சொல்லல. ஓப்பன்ஜேடிகேய காப்பி பண்ணி காசுக்குக் குடுக்க அதோட ஜிபிஎல்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸ் இடம் குடுக்குது. ஆனா ஜாவாவோட சொந்தக்கார கம்பெனி ஆரக்கிள் தன் பேர்ல குடுக்குற ஜேடிகே வேற, 2021-ல ஜாவா 17 வந்தப்போ கொண்டுவந்த லைசன்ஸ்ல, அத அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம், ஆனா காசு வாங்கக் கூடாதுன்னு இருக்கு. அந்தப் பென்ட்ரைவ்ல எது இருக்குன்னு கடைக்காரருக்கே தெரியுமோ என்னவோ. அதவிட எனக்கு பெரிய பயம், யாரோ போட்டுக் குடுத்த எக்ஸ்இ-ய நீங்க காலேஜ் லேப்ல ஓட விடுறது, அதுல வைரஸ் இருந்தா பேர் கெடப்போறது உங்களுக்கு.

கேள்வி: ஒரு பாக்கெட்ல யூஎஸ்பி 3.0-ன்னு இருக்கு, இன்னொண்ணுல 3.2 ஜென் 1-ன்னு இருக்கு, 3.2 விலை கூட. அது தான் ஃபாஸ்ட்டா?

பதில்: ரெண்டும் ஒண்ணு தான். 3.0-ன்னு வந்தத அப்புறம் 3.1 ஜென் 1-ன்னு பேர் மாத்தினாங்க, அப்புறம் 3.2 ஜென் 1-ன்னு மாத்தினாங்க, மூணுமே 5 ஜிபிபிஎஸ் தான், பேருக்காக ஒரு ரூபாய் கூட அதிகம் குடுக்காதீங்க. நீங்க பாக்க வேண்டியது ரைட் ஸ்பீட். பாக்கெட்ல பெருசா போடுறது ரீட் ஸ்பீட், ரைட் ஸ்பீட பல கம்பெனி எழுதுறதே இல்ல. சினிமா வைக்க வாங்குறவங்களுக்கு ரீட் போதும், ரன்டைம் வைக்கிறவங்களுக்கு போதாது, ஏன்னா பைத்தான்ல ஆயிரக்கணக்குல குட்டிக் குட்டி ஃபைல் இருக்கு, பெரிய ஃபைல சர்ருனு எழுதுற பென்ட்ரைவ் கூட இந்த குட்டி ஃபைல்ல திணறிப்போயிடும். ஜாவாவுல இந்தத் தொல்லை கம்மி, ஜாவா 9-லேருந்து லைப்ரரிய மாடியூல்ஸ்னு ஒரே பெரிய ஃபைலா கட்டி வச்சுட்டாங்க.

ஃபார்மேட்டையும் கவனிங்க. ஃபார்மேட் பண்ணும்போது ட்ரைவ கட்டம் கட்டமா பிரிப்பாங்க, ஒரு ஃபைலுக்கு குறைஞ்சது ஒரு கட்டம். 64 ஜிபி ட்ரைவ எக்ஸ்ஃபேட்ங்கற ஃபார்மேட்ல போட்டா விண்டோஸ் வழக்கமா ஒரு கட்டத்துக்கு 128 கேபி ஒதுக்கும், 1 கேபி ஃபைலா இருந்தாலும் 128 கேபி போயிடும். 20,000 குட்டி ஃபைல் இருந்தா ரெண்டரை ஜிபி கிட்ட காலி. என்டிஎஃப்எஸ்ங்கற இன்னொரு ஃபார்மேட்ல கட்டம் 4 கேபி தான். விண்டோஸ் லேப்ல மட்டும் குத்தப்போறீங்கன்னா என்டிஎஃப்எஸ் போட்டுக்குங்க, மேக்லயும் எழுதணும்னா அது ஒத்து வராது. கையில காசு இருந்தா சின்ன போர்ட்டபிள் எஸ்எஸ்டி வாங்குறது தான் நல்லது, ரன்டைம் ஓட்ட பென்ட்ரைவுக்கும் அதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கேள்வி: ஆன்லைன்ல 2 டிபி பென்ட்ரைவ் 499-க்கு வருதே, அதுல எல்லா சாஃப்ட்வேரையும் போட்டு வச்சுக்கலாம்ல?

பதில்: அந்த விலைக்கு 2 டிபி வராது, தொடவே தொடாதீங்க. உள்ள இருக்குறது 8 ஜிபியோ 16 ஜிபியோ, விண்டோஸ்கிட்ட 2 டிபின்னு பொய் சொல்ற மாதிரி உள்ள இருக்குற கன்ட்ரோலர் சிப்ப மாத்தி வச்சிருப்பாங்க. உண்மையான அளவு நிறையற வரைக்கும் ஒழுங்கா இருக்கும், அதுக்கு மேல போடுற ஃபைல் பேர் மட்டும் தெரியும், தொறந்தா குப்பை.

எங்க அக்கா பொண்ணு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட நான் வாங்கிக் குடுத்த 64 ஜிபி பென்ட்ரைவ்ல தான் வச்சிருந்தா. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஃபைலும் தொறக்கல, அப்புறம் எச்2டெஸ்ட்டபிள்யூங்கற அளவு சோதிக்கிற சாஃப்ட்வேர போட்டுப் பாத்தா உண்மையில 8 ஜிபி தான் இருக்கு. அவ அழுதது இன்னும் மனசுல இருக்கு. அன்னிலேருந்து யார் பென்ட்ரைவ் வாங்கினாலும் வாங்கின அன்னைக்கே அந்த டெஸ்ட்ட போடச் சொல்றேன், இலவச சாஃப்ட்வேர் தான், ட்ரைவ் முழுக்க எழுதி திரும்பப் படிச்சுப் பாக்கும், ஸ்லோ ட்ரைவ்னா ராத்திரி போட்டு விட்டுத் தூங்கிடுங்க. 64 ஜிபிக்கு விண்டோஸ்ல 59.6 ஜிபின்னு காட்டும், அது ஏமாத்து இல்ல, 1000-ல எண்ணுறதுக்கும் 1024-ல எண்ணுறதுக்கும் உள்ள வித்தியாசம்.

டெஸ்ட்ல ஃபெயில் ஆனா உடனே பில்லோட கடைக்குப் போங்க. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு பில்லுல அச்சடிச்சிருக்கேன்னு பயப்படாதீங்க, அது பழுதான பொருளுக்கு செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லுல போட்ட கெடுவுக்குள்ள, கெடு போடலன்னா 30 நாளுக்குள்ள, பழுதானத திரும்ப எடுத்துக்கிட்டு காசு குடுக்க மறுக்குறது முறையற்ற வணிகம். பில் குடுக்காம இருக்குறதும் அதே சட்டத்துல தப்பு தான், அதனால 600 ரூபாய் பொருளா இருந்தாலும் பில் கேட்டு வாங்குங்க. கடைக்காரர் மசியலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஃபோன் பண்ணி புகார் சொல்லலாம், செலவு கிடையாது. அதுலயும் முடியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, வக்கீல் இல்லாம நீங்களே போகலாம். டெஸ்ட் ரிசல்ட் ஸ்க்ரீன ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்குங்க.

கேள்வி: லேப்ல குத்திட்டு வந்தா ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுது. ட்ரைவ் போச்சா?

பதில்: ட்ரைவ் நல்லாத்தான் இருக்கு, அது லேப் சிஸ்டத்துல இருக்குற வைரஸ். ஃபோல்டர மறைச்சு வச்சுட்டு அதே பேர்ல ஷார்ட்கட் போடும், நீங்க கிளிக் பண்ணா வைரஸும் சேந்து ஓடும். கிளிக் பண்ணாதீங்க. ஆன்டிவைரஸ் இருக்குற வேற சிஸ்டம்ல ஸ்கேன் பண்ணுங்க, அப்புறம் கமாண்ட் ப்ராம்ப்ட்ல (அதே கறுப்பு விண்டோ) மறைப்ப எடுக்குற அட்ரிப் கமாண்ட் போட்டா மறைஞ்ச ஃபோல்டர் வெளிய வந்துடும். ரன்டைம் போனா திரும்ப டவுன்லோட் பண்ணிக்கலாம், நீங்க எழுதின ப்ரோகிராம் போனா வராது, அத தினமும் சாயங்காலம் உங்க மெயிலுக்கே அனுப்பி வச்சுட்டு வீட்டுக்குக் கிளம்புங்க.