மரச்சில்லு எரிவதைக் கணக்கில் பிடிக்க: கேள்வி பதில்

மணலிப் பக்கம் பாய்லர் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். மரச்சில்லு எரிவதைக் கணினியில் மாதிரியாக்குவது பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலில் ஒன்று: ஈரத்தை அளக்காமல் கணக்கில் உட்காராதீர்கள்.

தண்டையார்பேட்டை, எம்.இ. மாணவர்: ஐயா, சில்லு முழுக்க ஒரே வெப்பநிலை என்று வைத்து எழுதினேன். கணக்கில் சட்டென்று எரிந்து முடிகிறது. சோதனை அடுப்பில் ரொம்ப நேரம் ஆகிறது. எங்கே தப்பு?

அந்த ‘ஒரே வெப்பநிலை’யில்தான் தப்பு, தம்பி. மரம் வெப்பத்தை லேசில் உள்ளே விடாது. நாருக்குக் குறுக்கே அதன் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 0.12 வாட்தான். சில்லு 10 மி.மீ. பருமன் என்றால் பாதி 5 மி.மீ. மேற்பரப்பின் வெப்பமாற்றக் குணகம் சதுரமீட்டர்-கெல்வினுக்கு 50 வாட் என்று எடுத்தாலே பியோ எண் 2 வந்துவிடும். மேற்பரப்பில் ஏறும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் அது உள்ளே பரவ எவ்வளவு சிரமப்படுகிறது என்று காட்டும் எண் அது. அந்த எண் 0.1-க்குக் கீழே இருந்தால்தான் ஒரே வெப்பநிலை என்று தைரியமாக வைக்கலாம். நைசான தூளுக்குச் சரி, சில்லுக்கு ஆகாது.

ஒரு தடவை சுண்டுவிரல் பருமனில் ஈரச் சவுக்குத் துண்டு ஒன்றை எடுத்து, நடுவில் துளை போட்டுத் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) செருகிப் பார்த்தேன். வெளிப்புறம் கறுத்து, ஓரத்தில் தீயும் பிடித்துவிட்டது. உள்ளே 100 டிகிரியிலேயே நிற்கிறது. வெட்டுவாயில் தண்ணீர் கொப்புளம் கொப்புளமாகச் சீறிக்கொண்டு வந்தது. நடுவில் உலர்தல், அதைச் சுற்றிப் பைரோலிசிஸ் (சூட்டில் மரம் வாயுவும் கரியுமாகச் சிதைவது), வெளியே கரி எரிவது என்று மூன்றும் ஒரே துண்டில் ஒரே சமயத்தில் நடக்கின்றன. சில்லை அடுக்கடுக்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வெப்பச் சமன்பாடு எழுதுங்கள். பைரோலிசிஸுக்கு ஒற்றை அரீனியஸ் வேகத்தை (சூடு ஏற ஏற வினை வேகம் கூடுவதைச் சொல்லும் சூத்திரம்) போடாமல், மரத்தின் மூன்று பொருள்களுக்கும் தனித்தனியாகப் பிரியுங்கள். ஹெமிசெல்லுலோஸ் சுமார் 220 முதல் 315 டிகிரிக்குள்ளும், செல்லுலோஸ் 315 முதல் 400-க்குள்ளும் பெரும்பாலும் சிதைந்துவிடும். லிக்னின் மெதுவாக, நீண்ட நேரம் இழுக்கும்.

எண்ணூர்: ஆய்வகத் தாளில் ஈரம் 50 சதவீதம். அப்படியே போடலாமா சார்?

எதன் மேல் 50 என்று பாருங்கள். மொத்த எடையில் 50 என்றால் பாதி தண்ணீர். உலர்ந்த எடைக்கு 50 என்றால் மொத்தத்தில் 33 சதவீதம்தான். உலர்ந்த மரத்துக்குக் கிலோவுக்கு 18.5 மெகாஜூல் (நிகர மதிப்பு) வைத்து, தண்ணீரை ஆவியாக்கக் கிலோவுக்கு 2.44 கழித்தால், முதலாவதில் 8 மெகாஜூல், இரண்டாவதில் 11.5. இந்த ஒரு சொல்லில் உங்கள் உலை முழுதும் மாறிப்போகும்.

வியாசர்பாடி: எந்த மென்பொருள் நல்லது?

ஓபன்ஃபோம் இலவசம். ஆனால் முதலில் தாளில் காற்றுக் கணக்கு போடுங்கள். ஒரு கிலோ உலர்ந்த மரத்துக்குக் குறைந்தது 6 கிலோ காற்று வேண்டும்.

ராயபுரம், பிரியாணி மாஸ்டர்: அண்ணே, சவுக்குதான் சூடு. உங்க கணக்குல அது வருமா?

கொருக்குப்பேட்டை: வேலிகாத்தான் முன்னால சவுக்கு நிக்குமா? கங்கு விடியுற வரைக்கும் இருக்கும்!

இந்தச் சண்டைதான் இந்த வாரம் மற்ற எல்லாக் கேள்விகளையும் தள்ளிவிட்டு மேலே வந்தது. இருவர் சொல்வதிலும் அனுபவம் இருக்கிறது, அதனால் நிதானமாகவே சொல்கிறேன். நன்றாக உலர்த்திய பிறகு கிலோவுக்குக் கிலோ எடுத்தால் பெரும்பாலான மரங்கள் 18, 19 மெகாஜூலுக்குள்தான். வித்தியாசம் அடர்த்தியில். ஒரே கூடையில் கல்யாணமுருங்கையைவிடச் சவுக்கு பல மடங்கு எடை ஏறும். அடர்ந்த மரத்தின் கரியும் அடர்த்தி, அதனால்தான் கங்கு நின்று எரிகிறது. மாஸ்டருக்குத் தம் போடக் கங்கு வேண்டும், அவர் பார்ப்பது அதைத்தான். மாதிரியிலும் அடர்த்தியைத் தனியாகக் கொடுங்கள், கலோரியோடு குழப்பாதீர்கள். சவுக்கும் வேலிகாத்தானும் இரண்டுமே கனத்த மரம். ஒன்று போன வாரம் வெட்டியது, மற்றது கோடை முழுக்கக் காய்ந்தது என்றால் ஜெயிப்பது காய்ந்ததுதான்.

திருவொற்றியூர்: ஈரம் சராசரியா எவ்வளவு போடலாம்?

மேலே சொன்னேன். அளந்து போடுங்கள்.

மாதவரம்: மீட்டர் இல்லை. 30 போட்டுக்கலாமா?

வேண்டாம். குவியலின் மேலே, நடுவே, அடியே என்று மூன்று பிடி எடுத்துத் தனித்தனிப் பையில் கட்டுங்கள். எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் எடை இனிக் குறையாது என்கிற வரை வையுங்கள். தராசும் அடுப்பும் போதும்.

காசிமேடு: துறைமுகத்துல சரக்கு அடுக்குற பழைய மரப் பாலெட் சும்மா கிடைக்குது. சில்லாக்கி எரிக்கலாமா?

முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி’ (HT) என்றால் சூடாக்கிப் பதப்படுத்தியது. ‘எம்.பி’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயு போட்டது, அதைத் தொடாதீர்கள். பெயின்ட் அடித்தது, பிளைவுட், பச்சை நிறமேறிய மருந்து மரம் எதுவும் வேண்டாம். அந்த மருந்தில் ஆர்செனிக் இருந்தால் அது சாம்பலிலும் புகையிலும் வரும்.

மணலி, ஆபரேட்டர்: சில்லு போட்டவுடனே கரும்புகை வருது.

உலர்ந்த மரத்தின் எடையில் 75, 80 சதவீதம் ஆவியாக வெளியேறி, சில்லுப் படுகைக்கு மேலேதான் எரியும். இரண்டாம் காற்றை (படுகைக்கு மேலே விடும் காற்று) திறந்து, சில்லைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூடிய சில்லுக் கிடங்குக்குள் தனியாக இறங்காதீர்கள். அங்கே ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையே கிடையாது.