அமெரிக்க அரசியலமைப்பு உரிமைகளின் வேர் எங்கே இருக்கிறது?

"அமெரிக்க அரசியலமைப்பில் உள்ள குடிமக்கள் உரிமைகள் 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடியவர்கள் யோசித்து உருவாக்கியவையா, காலனிக் காலத்திலேயே இருந்தவையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

காலனிக் காலத்திலேயே இருந்தவைதான். சொல்லப்போனால், ஃபிலடெல்ஃபியாவில் எழுதிய மூல ஆவணத்தில் தனி உரிமைப் பட்டியலே கிடையாது. முதல் பத்துத் திருத்தங்களாக 1791-இல்தான் அது சேர்ந்தது. அதிலும் பல சங்கதிகள் நூற்றைம்பது வருடப் பழசு.

தொடக்கத்தில் இருந்தது லட்சியம் இல்லை, வியாபாரம். 1606-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், அமெரிக்காவில் ஆட்களைக் குடியேற்றி வியாபாரம் செய்ய வந்த வர்ஜீனியா கம்பெனிக்குக் கொடுத்த சாசனத்தில், அங்கே குடியேறுபவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்கு உள்ள உரிமைகள் எல்லாம் உண்டு என்று எழுதியிருந்தது. (கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கவர்னரான தாமஸ் ஸ்மைத்தான் இந்தக் கம்பெனியையும் 1619 வரை நடத்தியவர்.) சாசனத்தில் எழுதியிருந்ததே தவிர, கம்பெனி வர்ஜீனியாவில் அமைத்த ஜேம்ஸ்டவுன் குடியிருப்பில் நடந்தது ராணுவச் சட்டம். பசி, நோய், கடும் தண்டனை. இந்த லட்சணத்தில் யார் கப்பல் ஏறுவார்கள்? கம்பெனி 1618-இல் வழிக்கு வந்தது. சொந்தச் செலவில் வருபவருக்கு 50 ஏக்கர் நிலம், ராணுவச் சட்டத்துக்குப் பதில் இங்கிலாந்தின் பொதுச் சட்டம், கூடவே ஒரு சட்டசபை.

அந்தச் சபை 1619 ஜூலை 30 அன்று ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் கூடியது. 11 குடியிருப்புகளிலிருந்து 22 பிரதிநிதிகள். இரண்டு பேரைச் சபை உள்ளே சேர்க்கவில்லை. காரணம் சுவாரசியமானது. அவர்களை அனுப்பிய ஜான் மார்ட்டின் என்ற நிலக்காரருக்கு, காலனிச் சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று தனிச் சலுகை இருந்தது. சட்டத்துக்குக் கட்டுப்படாதவன் சட்டம் செய்ய வரக் கூடாது என்று சபை சொல்லிவிட்டது. அப்புறம் புகையிலை விலை, சூதாட்டம், குடி என்று ஊர்ப் பஞ்சாயத்து விஷயங்கள். வெயில் தாங்காமல் ஓர் உறுப்பினர் இறந்துபோக, பலர் நோயில் விழ, ஆகஸ்ட் 4-இல் கலைந்தார்கள். 1624-இல் அரசர் கம்பெனியின் சாசனத்தைப் பறித்தபோது சபைக்கு இருந்த சட்ட அடிப்படையும் போயிற்று. ஆனாலும் அவர்கள் கூடிக்கொண்டே இருந்தார்கள். 1639-இல் அரசரே ஒப்புக்கொண்டார். என்னைக் கேட்டால், 1606 சாசனத்தைவிட இந்தப் பிடிவாதம்தான் முக்கியம்.

எழுத்தில் உள்ள உரிமைகளுக்கு மாசசூசெட்ஸ் என்ற இன்னொரு காலனியைப் பார்க்க வேண்டும். அங்கே அதிகாரிகள் தங்கள் இஷ்டத்துக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று மக்களுக்குக் குறை. அதனால் 1641-இல் நதானியேல் வார்டு என்ற மதகுரு (முன்பு சட்டம் படித்தவர்) எழுதிய உரிமைத் தொகுப்பை ஏற்றார்கள். ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனை கூடாது, ஒருவன் பொருளைப் பொது உபயோகத்துக்கு எடுத்தால் ஈடு தர வேண்டும், கொடூரத் தண்டனை கூடாது. இன்று ஐந்தாம், எட்டாம் திருத்தங்களில் படிப்பவைதான். வழக்கில் தனக்காகப் பேச ஆள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவருக்குக் கூலி கொடுக்கக் கூடாது என்றும் ஒரு பிரிவு உண்டு. அதே தொகுப்பில் வேறு கடவுளை வணங்கினால் மரண தண்டனை. போரில் பிடிபட்டவர்களையும் விலைக்கு வந்தவர்களையும் அடிமையாக வைத்துக்கொள்ள அனுமதியும் அதிலேயே இருக்கிறது. வர்ஜீனியாவிலும் சபை கலைந்த சில வாரங்களில், 1619 ஆகஸ்ட் கடைசியில், இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து விற்றார்கள்.

இந்தப் பழைய தாள்களை யாரும் மறக்கவில்லை என்பதற்கு 1765-ஐப் பாருங்கள். லண்டன் நாடாளுமன்றம் காலனிகள் மேல் முத்திரை வரி போட்டபோது, உறுப்பினர் பாட்ரிக் ஹென்றி முன்வைத்து வர்ஜீனியா சபை நிறைவேற்றிய தீர்மானங்கள் ஜேம்ஸ் மன்னரின் சாசனங்களையே எடுத்துக்காட்டின. இங்கிலாந்தவர்களுக்கு உள்ள உரிமை எங்களுக்கும் உண்டு, எங்கள் பிரதிநிதிகள்தான் எங்களுக்கு வரி போடலாம் என்பது வாதம். ஆள் பிடிக்கக் கொடுத்த வாக்குறுதி, வரி கட்ட மறுக்கக் காரணமாகிவிட்டது.

1776 ஜூனில் ஜார்ஜ் மேசன் எழுதிய வர்ஜீனியா உரிமை அறிக்கை 1791 திருத்தங்களுக்கு நேர் முன்னோடி. எல்லா மனிதரும் இயல்பிலேயே சம சுதந்திரம் உடையவர்கள் என்று அது தொடங்கும். அடிமைகளும் இதைக் காட்டி விடுதலை கேட்டால் என்ன செய்வது என்று, அறிக்கையை நிறைவேற்றக் கூடிய வர்ஜீனியா மாநாட்டில் சிலர் பதறினார்கள். அதனால் அந்த உரிமைகளை மனிதர்கள் "சமூக நிலைக்குள் நுழையும்போது" யாரும் பறிக்க முடியாது என்று ஒரு தொடரைச் செருகினார்கள். அடிமைகள் அந்தச் சமூகத்தில் சேர்த்தி இல்லை என்பது அவர்கள் கணக்கு.